இரவல் மூக்கு

ஐந்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, விஷுவும் கழிந்த மறுவாரம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சித்தப்பாவுக்கு மூக்காக இருக்கும் வேலை.

சித்தப்பாவுக்குச் சொந்தமாகவே ஒரு மூக்கு இருந்தது. நல்ல எடுப்பான மூக்கு. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மலைச்சரக்கு வியாபாரம் செய்பவர்களிடையே அதற்கென்று ஒரு மரியாதையும் இருந்தது. அவர் வேலை பார்த்த கிடங்கில் சுக்கும் ஏலக்காயும் ஜாதிக்காயும் கிராம்பும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒவ்வொரு சரக்கிலும் சில மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி மாதிரி எடுத்து, செய்தித்தாளில் கொட்டி, நீளமான மேசையில் வரிசையாக வைப்பார்கள். சித்தப்பா ஒரு கை அள்ளி, வாயால் சூடாக ஒரு முறை ஊதி, கையை மூடிக்கொண்டு கொஞ்சம் பொறுத்து, மூக்கருகே திறப்பார். பிறகு ஒரு சொல் சொல்வார். சரக்கு கப்பலுக்குப் போவதா, உள்ளூர்க் கடைக்குப் போவதா, வந்த லாரியிலேயே திரும்பிப் போவதா என்பதை அந்த ஒரு சொல் தீர்மானிக்கும். கிடங்கின் முதலாளியை எல்லாரும் சேட்டு என்று அழைப்பார்கள். சித்தப்பா பார்த்த சரக்கை இன்னொரு முறை மோந்து பார்க்கும் வழக்கம் சேட்டுவுக்கு இல்லை.

அந்த வருஷம் விஷுவுக்கு ஒரு மாதம் முன்பு, கும்ப மாதக் கடைசியில், படகுத்துறையின் ஈரப் பலகையில் கால் வழுக்கி, சித்தப்பா மல்லாக்க விழுந்தார். பின்மண்டையில் தையல் போட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த சில நாட்களில், காலையில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சித்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன இது, வெந்நீர்ல வெல்லத்தைக் கரைச்சுத் தந்திருக்கே?"

சித்தி டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். காப்பி காப்பியாகத்தான் இருந்தது.

அன்று முழுக்கச் சித்தப்பா வீட்டுக்குள் ஒவ்வொரு பொருளாக எடுத்து முகர்ந்துகொண்டே நடந்தார். சோப்பு, ஊதுவத்தி, தலையணை உறை, செருப்பு. நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். செருப்பை முகர்ந்தபோது சிரித்தும்விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் மாடியில் நாங்களும் கீழே சித்தப்பாவும் சித்தியும் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் காக்கநாட்டில் வேலை பார்த்ததால், காலையில் முதல் பஸ்ஸுக்கு ஓடினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். சித்தப்பாவுக்குக் குழந்தைகள் இல்லை. எனவே விடுமுறை நாட்களில் நான் கீழ்வீட்டுப் பிரஜை. எந்தக் கேள்வியையும் சித்தியிடம்தான் கேட்பேன்.

"சித்தப்பா மூக்குக்கு என்ன ஆச்சு?"

சித்தி அப்போது கோதுமை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதைப் பாரு. நம்ம மூக்குக்கு மேல, ரெண்டு புருவத்துக்கும் நடுவிலே, உள்ள இந்த மாதிரி ஒரு சல்லடை இருக்காம். எலும்புச் சல்லடை ஆக்கும். மூக்குக்குள்ளேர்ந்து நூல் நூலா நரம்பு இந்த ஓட்டை வழியா ஏறி மூளைக்குப் போகுமாம். தலை அடிபட்டப்போ மூளை உள்ளுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடிடுத்து. நூலெல்லாம் அறுந்துபோச்சு."

"ஒட்ட வைக்க முடியாதா?"

"தன்னால முளைக்குமாம். சில பேருக்கு முளைக்கும், சில பேருக்கு முளைக்காது. டாக்டர் காத்திருந்து பார்க்கலாம்னார்."

முளைக்கும் என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் ஈரத்துணியில் பச்சைப்பயறு கட்டி முளைக்கவிட்டிருந்தோம். துணியின் கண்களைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக வேர் வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவின் நெற்றிக்குள்ளும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கும் என்று நம்பினேன். மறுநாள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, டார்ச் அடித்து மூக்குக்குள் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது முளைச்சிருக்கா?"

"ரெண்டு முடிதான் தெரியுது."

"கொழப்பமில்ல. தண்ணி ஊத்திட்டு வா, நாளைக்குப் பார்க்கலாம்."

அறுந்தது வாசனை மட்டுமில்லை என்பது சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி மூக்கின் வேலை. நாக்கு தன் பங்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று சில முரட்டுக் கணக்குகளைத்தான் சொல்லும். மெல்லும்போது வாயின் பின்புறமாக மேலே ஏறும் வாசனைதான் சாம்பாரைச் சாம்பாராக்குகிறது. இதையெல்லாம் பிற்காலத்தில் படித்தேன். அப்போது கண்டது, சித்தப்பா எல்லாவற்றையும் அளவுக்கு மீறிப் புகழ்ந்துகொண்டே சாப்பிட்டதைத்தான். "இன்னைக்கு ரசம் கேமம்" என்பார். சித்தி இன்னொரு கரண்டி ஊற்றுவாள். கேஸ் சிலிண்டரைச் சமையலறையிலிருந்து பின்கட்டுக்கு மாற்றினாள். கசிந்தால் அவருக்குத் தெரியாதாம்.

வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். கிடங்கில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று சித்தப்பா வெளிப்படையாகவே சொன்னார். பதினெட்டு வயதிலிருந்து அவர் செய்துவந்த ஒரே வேலை அதுதான். பிறவியிலேயே அமைந்த மூக்கை வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர். வேறு எதையும் கற்றுக்கொள்ள அவசியம் ஏற்பட்டதில்லை. கண்ணால் பார்த்தும், விரலால் ஒடித்தும், கையில் எடை பார்த்தும் பாதி வேலையை அவரால் செய்ய முடிந்தது. மீதிப் பாதி முகர்வது. பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் சரக்கு கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். வாடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மதியச் சாப்பாட்டை அடுக்குப் பாத்திரத்தில் கிடங்குக்குக் கொண்டுபோவது விடுமுறையில் என் பொறுப்பு. அந்த நேரத்தில் சுமை தூக்குகிறவர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். சேட்டு தன் அறையில் கண் மூடியிருப்பார். ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக ஒரே ஒரு வெளிச்சக் கம்பம் மேசைமேல் சாய்ந்து நிற்கும். அதற்குள் தூசு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தூரத்தில் படகு ஊதுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில், சாப்பிட உட்காராமல், ஒரு செய்தித்தாளை என் பக்கம் தள்ளினார் சித்தப்பா.

"குட்டி, இதை மோந்து பார்த்துச் சொல்லு."

"சுக்கு."

"சுக்குன்னு சேட்டுக்கே தெரியும். அதுக்குள்ள வேற என்ன இருக்கு? கண்ணை மூடிக்கோ. அவசரப்படாதே."

கண்ணை மூடினேன். முதலில் சுக்கு மட்டும்தான் இருந்தது. கொஞ்சம் பொறுத்ததும் அது ஒரு கதவுபோல விலகியது.

"புது நோட்டுப் புஸ்தகம். அதுக்குள்ள யாரோ எலுமிச்சம்பழத் தொலியை வச்சு மூடியிருக்காங்க."

சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த தாளைத் தள்ளினார்.

"இது?"

"மழையில நனைஞ்ச குடையை மடக்கி மூலையில வச்ச மாதிரி."

அவர் அந்தச் சுக்கை ஒடித்துப் பார்த்தார், உட்புறத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார், திருப்பினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்தத் தாளைத் தனியே ஒதுக்கி வைத்தார். மூன்று நாள் கழித்து அந்த மூட்டைகளில் வெள்ளை பூத்தது. சேட்டு சித்தப்பாவின் தோளில் தட்டி, "நிங்களுடெ மூக்கு ஸ்வர்ணமாணு" என்றார். தங்க மூக்கு சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது.

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமானது. நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், சித்தப்பா அதைச் சரக்கின் மொழிக்கு மாற்றிக்கொள்வார். அம்மாவின் பட்டுப்புடவைப் பெட்டி என்றால் ஜாதிபத்திரி நன்றாகக் காய்ந்திருக்கிறது. அடிப்பிடித்த பாயசம் என்றால் ஏலக்காயைப் புகையில் காயவைத்துவிட்டார்கள். அலமாரிக்குப் பின்புறம் என்றால் பழசு. பல் டாக்டர் என்றால் கிராம்பு முதல் தரம். ஒரு நாள் ஒரு ஏலக்காய் மாதிரியை முகர்ந்துவிட்டு, "கணக்கு டீச்சர்" என்றேன். அவர் வெகுநேரம் யோசித்தார்.

"நல்ல டீச்சரா, கெட்ட டீச்சரா?"

"நல்லவங்கதான். ஆனா தலைக்கு எண்ணெய் ஜாஸ்தி."

"சரி. அப்ப எண்ணெய் வத்தாத சரக்கு. எடுத்துக்கலாம்."

நிறைய முகர்ந்தால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். அப்போது முழங்கையின் உள்மடிப்பை முகரச் சொல்வார். நம் உடம்பின் வாசனை நமக்குத் தெரியாத வாசனை. அதில் மூக்கு கொஞ்சம் இளைப்பாறிக்கொள்ளும் என்பார். நான் மேசைமேல் கையை மடித்து, அதில் முகத்தைப் புதைத்து, அப்படியே சில நாள் தூங்கியும்விடுவேன். மூட்டைகளின் சூடு, சாக்கின் சொரசொரப்பு, எங்கோ உருளும் ஒரு ஜாதிக்காய். எழுந்திருக்கும்போது எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. வாசனைதான் முதலில் சொல்லும்.

வாசனை என்பது பொருளின் நிழலோ குரலோ இல்லை, பொருளேதான் என்று பின்னாளில் படித்தபோது அந்தத் தூக்கங்கள் நினைவுக்கு வந்தன. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காற்றில் ஏறி, மூக்கின் கூரையிலுள்ள ஈரத்தில் வந்து ஒட்டிக் கரைகின்றன. அங்கிருந்துதான் நூல்கள் சேதி எடுத்துக்கொண்டு சல்லடை வழியாக மேலே போகின்றன. பார்த்ததும் கேட்டதும் மூளையின் நடுவே ஒரு சந்திப்பில் நின்று, வழி கேட்டுத்தான் உள்ளே போகுமாம். வாசனை மட்டும் கேட்காமல் நேராக நினைவு இருக்கும் அறைக்குள் நுழைந்துவிடுமாம். அப்படியானால் அந்தக் கோடையில் கிடங்கிலிருந்த சரக்கில் கொஞ்சம் எனக்குள்ளும் இறங்கியிருக்கிறது. கணக்கில் வராத சரக்கு.

எங்கள் ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகம் முன்கூட்டியே வீட்டுக்கு வந்திருந்தது. அதில் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு, வலியே இல்லாத முகத்துடன் ஒரு மனிதன் நின்றான். இதயத்துக்கு இரண்டு பக்கம், குடலுக்கு மூன்று பக்கம். மூக்கைச் சுவாசப் பாடத்தில் ஒரு வாசலாக மட்டும் காட்டி, உடனே நுரையீரலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. சித்தப்பாவிடம் சொன்னேன்.

"நீ ஒரு லெட்டர் எழுதிப் போடு. என் பேரைச் சொல்லாதே" என்றார்.

இடவப்பாதி மழைக்காலம் நெருங்கியது. பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது முதல் மழை கொட்டியது. நான் அதில் ஆசை தீர நனைந்தேன். மறுநாள் காலையில் எழுந்தபோது தலை கனத்தது. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. சித்தி ஆவி பிடிக்கவைத்து, சுக்குக் கஷாயம் கொடுத்தாள். அதில் சுக்கு இருப்பதே எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது புத்தியில் உறைக்கவும் இல்லை. வழக்கம்போலப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்று கிடங்கு தூங்கவில்லை. வாசலில் லாரி நின்றது. மழை விட்ட இடைவெளியில் ஏலக்காய் மூட்டைகளை ஏற்றி, சாயங்காலத்துக்குள் வல்லார்பாடம் துறைமுகத்தில் கண்டெய்னருக்குச் சேர்க்க வேண்டும். சேட்டு மேசையருகிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எந்தா மோளே, மழயத்தும் சோறோ?" என்று சிரித்தார். சித்தப்பா என் பக்கம் திரும்பிய வேகத்தில், அவர் எனக்காகத்தான் காத்திருந்தார் என்று தெரிந்தது.

பாத்திரத்தை வாங்குவதுபோலக் குனிந்து, கையிலிருந்த ஏலக்காயை என் முகத்தருகே ஒரு கணம் திறந்தார்.

நான் முகர்ந்தேன். வெறும் காற்றுகூட உள்ளே போகவில்லை. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு மறுபடியும் முயன்றேன். சுவரில் முட்டியதுபோல இருந்தது.

"சித்தப்பா" என்று அவர் காதில் சொன்னேன். "எனக்கு ஜலதோஷம். ஒண்ணும் தெரியலை."

அவர் முகத்தில் முதலில் வந்தது சிரிப்புதான். "கேமமாச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூக்கு. அதுவும் அடைச்சுப்போச்சா?" என்று என் காதருகே முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து, கையை மூடி, வழக்கம்போல ஊதி, கண்ணை மூடி, மூக்கருகே திறந்தார். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையில் கை வைத்தபடி நின்றார்கள். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வெகுநேரம் அப்படியே நின்றார். அந்தக் கைக்குள் அவருக்கு ஒன்றுமே இல்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நல்லது என்று சொன்னால் போதும், எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள்.

"இன்னு கயற்றண்டா சேட்டு" என்றார். இன்றைக்கு ஏற்ற வேண்டாம்.

"எந்தே? வாட உண்டோ?"

"அறியில்ல. எனிக்கு உறப்பில்ல."

உறப்பில்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்று அவர் அந்தக் கிடங்கில் அதுவரை சொன்னதில்லைபோலும். சேட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உறப்பில்லன்னோ? நிங்கள்க்கோ?" என்று கேட்டுவிட்டு, தானே ஒரு கை ஏலக்காயை அள்ளினார். லாரி அன்று காலியாகத்தான் போனது. மறுநாள் வேறு யாரையோ கூப்பிட்டுக் காட்டி, அந்தச் சரக்கில் ஒரு குறையும் இல்லை என்று கண்டுபிடித்தார்கள்.

வீட்டுக்கு நான் தனியாக மழையில் நடந்து வந்தேன். என் மூக்கு அடைத்ததால்தான் லாரி காலியாகப் போனது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்ததும் வெந்நீர் வைக்கச் சொல்லி, துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் பிடித்தேன். சாயங்காலம் சித்தப்பா வந்தபோது, முகம் சிவந்து, நீர் சொட்டச் சொட்ட மறுபடியும் பாத்திரத்தின் முன்னால் குந்தியிருந்தேன்.

"என்னடி இது, முகம் வெந்துபோகும்" என்று சித்தி துண்டைப் பிடுங்கினாள். "காலையிலேர்ந்து எத்தனை தடவை?"

"சரியாகணும் சித்தி. நாளைக்குச் சரக்கு வரும்."

"வரட்டுமே. உனக்கு ஸ்கூல் திறக்கப்போகுது. அதைப் பாரு."

"நான் ஸ்கூலுக்குப் போகலை" என்றேன். அதை நான் முன்பே முடிவு செய்திருந்தேன். "நான் போயிட்டா சித்தப்பாவுக்கு யாரு மோந்து பார்ப்பாங்க? முளைக்கிற வரைக்கும் நான் போகலை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். துண்டால் என் முகத்தைத் துடைத்தார். அன்று அவர்கள் வெகுநேரம் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. இந்த நாளை மட்டும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும். புதுக் குடைக்குப் பெயர் எழுதிய நாள். என் ஜலதோஷம் விட்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தி கீழிருந்து கூப்பிட்டாள்.

"சித்தப்பாவுக்கு ரெண்டு நாளா மூக்குல என்னவோ தெரியற மாதிரி இருக்காம். பரீட்சை வச்சுப் பார்த்துடலாமா?"

நான் படியில் பாதியைத் தாண்டிக் குதித்தேன். சித்தப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணை நான்தான் கட்டினேன். எட்டிப் பார்க்க முடியாதபடி துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, விரலை ஆட்டிச் சோதித்தும் பார்த்தேன். சித்தி சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நான் அதை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

முதலில் நறுக்கிய வெங்காயம்.

"வெங்காயம்" என்றார்.

அடுத்தது கற்பூரம். "சாமி ரூம் வாசனை. கற்பூரம்." அடுத்தது வினிகர். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஊறுகாய்க்குன்னு வாங்கினது" என்றார். கடைசியில் மிளகுப்பொடி. சொல்வதற்கு முன்பே பெரிதாகத் தும்மினார்.

"தும்மிட்டாரு சித்தி, முளைச்சாச்சு" என்று நான் கத்தினேன்.

எல்லாம் சரி. நூற்றுக்கு நூறு. எனக்கு நிறுத்த மனமில்லை. சித்தி தலையில் அன்று காலையில் வாங்கிய மல்லிகைச் சரம் இருந்தது. மழை ஈரத்தில் வீடெல்லாம் அதன் வாசனை. எட்டி அதை இழுக்கப் போனேன். சித்தி சட்டென்று தலையை விலக்கிக்கொண்டாள்.

"போதும், போதும். மூக்கு இப்பத்தானே முளைச்சிருக்கு. அதுக்கும் விஸ்ரமம் வேண்டாமா? பூ இன்னொரு நாளைக்கு."

அது நியாயம் என்று எனக்கும் பட்டது.

மறுநாள் நான் புதுக் குடையுடன் பள்ளிக்கூடம் போனேன். அறிவியல் வகுப்பில் வயிறு திறந்த மனிதனின் பக்கம் வந்தபோது எழுந்து நின்று, மூக்குக்கு மேல் ஒரு எலும்புச் சல்லடை இருப்பதையும், அதன் வழியாக நரம்பு பயறுபோல முளைக்கும் என்பதையும், எங்கள் சித்தப்பாவுக்கு முளைத்துவிட்டதையும் சொன்னேன். டீச்சர் என்னைக் கரும்பலகையில் படம் வரையச் சொன்னார்கள். வகுப்பு கை தட்டியது.

எனக்குப் புரியாமல் போனது ஒன்றுதான். நரம்பு முளைத்த அடுத்த வாரமே சித்தப்பா சேட்டுவிடம் தனியாகப் போய்ப் பேசிவிட்டு, கிடங்கு வேலையை விட்டுவிட்டார். சுள்ளிக்கல்லில் ஒரு மின்சாமான் கடையில் சேர்ந்து, பல்பும் ஒயரும் விற்கத் தொடங்கினார். சம்பளம் குறைவு. நாற்பது வயதுக்கு மேல், தன்னைவிடச் சின்னவர்களிடம் ஒயர்களின் நிறங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"மூக்குதான் வந்துடுச்சே சித்தப்பா?"

"வந்தது. ஆனா அலுத்துப்போச்சு, குட்டி. கண்ணுக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கலாம்னு பார்த்தேன்."

பெரியவர்களுக்கு வேலை அலுக்கும் என்பது எனக்குத் தெரியும். அப்பாவும் அப்படித்தான் சொல்வார். எனவே விட்டுவிட்டேன்.

கல்லூரி நூலகத்தில் உடலியல் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பத்தி கண்ணில் பட்டது. மூக்குக்குள் இரண்டு வகை நரம்புகள் வருகின்றன. வாசனையை அறிவது ஒன்று. எரிச்சல், குத்தல், குளிர்ச்சி இவற்றை அறிவது இன்னொன்று. அது கண்ணுக்கும் கன்னத்துக்கும் பல்லுக்கும் கிளை விட்டிருக்கும் முகத்தின் தொடுவுணர்வு நரம்பு. சல்லடை வழியாகப் போவதில்லை, எனவே தலையில் அடிபட்டாலும் அறுவதில்லை. வாசனையை முற்றிலும் இழந்தவர்களுக்கும் வெங்காயம் கரிக்கும், கற்பூரம் குளிரும், வினிகர் குத்தும், மிளகு தும்மவைக்கும். அதனால் ஒருவருடைய மோப்பத்தைச் சோதிக்கும்போது இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. காப்பித்தூள், சோப்பு, பூ போன்றவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது.

புத்தகத்தை மூடிவிட்டுச் சித்தியின் சமையலறையை நினைத்துப் பார்த்தேன். அன்று மதியம் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து வைத்திருந்தது. கறிவேப்பிலை இருந்தது, நெய் இருந்தது, பெருங்காயம் இருந்தது, மேடைமேல் ஒரு கொய்யாப்பழம்கூட இருந்தது. அத்தனையையும் தாண்டிப் போய், அந்த நான்கை மட்டும் எடுத்து வந்திருக்கிறாள். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளா, இரண்டு பேருமாக முன்கூட்டியே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்களா, வரிசையைப் பேசி வைத்துக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. இப்போதும் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால், காப்பி கொதிக்கும்போது, "ஆகா, என்ன வாசனை" என்பார். மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகு சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பரீட்சை முடிந்ததும், மாடியிலிருந்த அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்ல ஓடினேன். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா கண்கட்டை அவிழ்த்திருந்தார். சித்தி தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தாள். அவர் அதை ஏலக்காயை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி, வாயால் சூடாக ஊதி, மூடி, கொஞ்சம் பொறுத்து, மூக்கருகே திறந்தார். கண்ணை மூடிக்கொண்டார். சித்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் ஆகியும் அவர் கையை எடுக்கவில்லை.

இத்தனை நாள் கழித்துக் கிடைத்ததை ஆசை தீர முகரட்டும் என்று நினைத்து, சத்தம் போடாமல் மேலே ஏறிப் போனேன்.